அடுத்த பாட்டு எது?

கர்நாடக இசைக் கச்சேரியின் கடைசி அரை மணி நேரத்தில், துக்கடா எனப்படும் சிறு பாட்டுகளுக்கு நடுவே, மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ வரும். சபை உருகும். அந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் உருகியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அந்த இடம் வருவதற்குள் நந்தன் வெகுதூரம் வந்திருக்கிறான். சிதம்பரம் போக அனுமதி கேட்டு, தன் பண்ணைக்கு உடையவரான வேதியரிடம் வசை வாங்கியிருக்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்தால் போகலாம் என்ற நிபந்தனைக்கு ஆளாகியிருக்கிறான். அத்தனையையும் கடந்து வந்து தில்லையின் எல்லையில் நின்றுகொண்டு, ‘வரலாமா?’ என்று கேட்கிறான். முன்கதையோடு கேட்டால் தொண்டை அடைக்கும். தனியே பிய்த்து எடுத்தால், அழகான மாஞ்சி.

நந்தனாரின் ஊராகச் சொல்லப்படும் ஆதனூர் எங்கள் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிறது. அந்தக் கீர்த்தனைகள் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது காரைக்காலில். உதவியவர் அங்கிருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. ஆக, கதை கடலூர் மண்ணுடையது, புத்தகம் புதுச்சேரி அரசின் இன்றைய எல்லைக்குள் பிறந்தது. நேரடிக் கச்சேரியா, ஆல்பமா என்று எங்கள் பக்கத்து இசை ரசிகர்கள் விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால், அந்த விவாதத்தின் அடியில் கிடக்கும் உண்மையான கேள்வி, ஒரு பாட்டுக்கு முன்னும் பின்னும் இருப்பவை அந்தப் பாட்டைச் சேர்ந்தவையா, இல்லையா என்பதுதான். சேர்ந்தவை என்று நான் நம்புகிறேன். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையிலிருந்து எழுதப்படுகிறது.

வரிசையாகப் பாடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தேவாரப் பதிகத்தையே எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தர் பதிகம் ஒன்றில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும். பத்தாம் பாட்டில் சமணரும் பௌத்தரும். பதினோராம் பாட்டில் பாடியவர் தம் பெயரைச் சொல்லி, முடிவுப் பாட்டாகிய திருக்கடைக்காப்பு இடுவார். ஒரே பண், ஒரே தலம், முன்பே வகுத்த ஓட்டம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் ஊர் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். அங்கே அவர் பாடிய பதிகத்தில் இன்று பலருக்கும் தெரிந்தது ‘ஈன்றாளுமாய்’ என்று தொடங்கும் முதல் பாட்டு மட்டும்தான். அடுத்த பாட்டு எது என்று ஓதுவாரைத்தான் கேட்க வேண்டும். கடலூர், விழுப்புரம் பகுதித் திரௌபதி அம்மன் விழாக்களில் நடக்கும் பாரதக் கூத்து இன்னும் பெரிய வரிசை. இரவு முழுவதும் ஆடி, விடிந்தபின் முடியும், அடுத்த இரவு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இசைத்தட்டு வந்ததும் இந்த வரிசை முதல் முறையாக உடைந்தது. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த காலம் முதல், ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டில் அதற்கு மேல் இடம் கிடையாது. தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பவர் என்று பெயர் பெற்ற நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டுக்காக அதைச் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. இசைக்கு ‘ஆல்பம்’ என்ற சொல்லே அப்போது வந்ததுதான். பல தட்டுகளை உறையிட்டுப் புகைப்பட ஆல்பம் போல அட்டை போட்டுத் தைத்து விற்றார்கள். அந்தக் கட்டுக்குத்தான் அந்தப் பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. பெரிய கட்டு ஒரே தட்டுக்குள் ஒடுங்கியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதிலிருந்து பாட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பது தனிக் கலையானது. தட்டின் தன்மையும் அந்த அடுக்கைத் தீர்மானித்தது. முள் உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறையும். உச்ச ஒலிகள் மங்கும், கரகரக்கும். அதனால் ஆரவாரமான பாட்டை வெளிவட்டத்தில் வைத்து, மென்மையான பாட்டைப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ளினார்கள். பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு தாலாட்டு, திருப்பியதும் ஒரு துள்ளல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது இயல்பாகவே தோன்றியது. இயந்திரத்தின் குறைபாடு ஒன்று ரசனையாக மாறிய கதை அது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆல்பம் என்றால் பெரும்பாலும் சினிமாப் படத்தின் பாட்டுகள்தான். அவற்றைக் கட்டியது கதை. ஆனால், எங்கள் தலைமுறைக்கு அந்தக் கட்டை அவிழ்க்கும் உரிமையையும் கேசட் சேர்த்தே கொடுத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த ஒலிநாடாப் பெட்டி, எண்பதுகளில் சிற்றூர்வரை வந்துவிட்டது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைத்தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலம் அது. வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கி, ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள்.

அந்தத் தாளை எழுதுவது லேசான வேலை இல்லை. அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது. பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டும் கொஞ்சம் மிச்சமும். ஏழாவது பாட்டைத் திணித்தால் சரணத்தின் நடுவே நாடா தீர்ந்துவிடும். கடைக்கார அண்ணனுக்கு எல்லாப் பாட்டின் நீளமும் மனப்பாடம். “தம்பி, இது ஏ பக்கத்தில் நிற்காது. பி பக்கம் கடைசியில் போட்டுத் தருகிறேன்” என்பார். சோகப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து இருந்தால் நடுவே வேறொன்றை வைக்கலாமா என்று கேட்பார். இன்று ஒரு நிறுவனத்தின் கணினி செய்வதாகச் சொல்லும் வேலையை அன்று அவர் செய்தார்; எங்கள் முகத்தைப் பார்த்துச் செய்தார். அப்படிப் பதிந்த கேசட்டை நூறு முறை கேட்டபின், அந்தப் பாட்டுகளில் ஒன்று எங்கேயாவது டீக்கடையில் ஒலித்து முடிந்தால், மனத்துக்குள் அடுத்த பாட்டின் முதல் தந்தி தானாகவே ஒலிக்கும். டீக்கடை வானொலி வேறு பாட்டுக்குப் போய்விடும். மனம் ஒரு நொடி தடுக்கும். அந்தத் தடுக்கல்தான் ஆல்பம் என்று நான் சொல்வேன். பாட்டுகளுக்கு இடையே நம் உடம்புக்குள் உண்டாகிவிட்ட பாதை அது. அந்தப் பாதையை இசையமைப்பாளர் போட்டாரா, கடைக்கார அண்ணன் போட்டாரா என்பது இரண்டாவது விஷயம்.

நேரடிக் கச்சேரிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒரே ரசிகர் இரண்டு வேறு தராசுகளோடு கச்சேரி கேட்கிறார். இதை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

திருவிழாவில் மெல்லிசைக் குழுவின் கச்சேரி நடக்கிறது. மேடைக்கு முன்னால் நிற்பவர்களில் ஒருவர், இரண்டாவது இடையிசையில் வரும் புல்லாங்குழலுக்காகக் காத்திருப்பார். கீபோர்டு வாசிப்பவர் அதைச் சுரம் பிசகாமல் வாசித்துவிட்டால், “கேசட்டில் கேட்ட மாதிரியே இருந்தது” என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அதே மனிதர் மறுநாள் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்கிறார். போன வருடம் வாசித்த காம்போதி ராகத்தை இந்த வருடமும் அப்படியே வாசித்தால் அவருக்கு ஏமாற்றம். “இன்றைக்குப் புதிதாக ஒன்று பிடித்தார்” என்பதுதான் அங்கே பெரிய வார்த்தை.

இது முரண்பாடு போலத் தெரியலாம். கேட்பவர் செய்வது சரிதான். கீர்த்தனை என்பது எலும்புக்கூடு. ராக விரிவும், ஒரே வரியைப் பலவாறு விரித்துப் பாடும் நிரவலும், கற்பனைச் சுரமும், தாள வாத்தியக்காரரின் தனி ஆவர்த்தனமும் அன்றன்றைக்குச் சதை போடுபவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி அமைப்பு, வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிகிற வரிசையை உறுதியாக்கி, அந்த வரிசைக்குள் பாடகரின் மனோதர்மத்துக்கு, அதாவது அந்த நேரத்துக் கற்பனைக்கு, இடம் விட்டது. அங்கே தட்டில் பதிந்தது ஒரு நாளின் சாட்சி மட்டும். சினிமாப் பாட்டு அப்படி இல்லை. அதன் முன்னிசை, வயலின் கூட்டம், ஒவ்வொரு தாள வெட்டு எல்லாமே இசையமைப்பாளர் எழுதி முடித்தவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான பதிவுதான் மூலம். மேடை அதன் நகல். அதனால்தான் சினிமாப் பாட்டின் ரசிகர் நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கர்நாடக இசையின் ரசிகர் புதிதாக ஏதாவது பிறக்கிறதா என்று பார்க்கிறார். ‘நேரடியா, ஆல்பமா’ என்ற கேள்விக்கு எல்லா இசைக்கும் பொதுவாக ஒரே பதில் வராததற்குக் காரணம் இதுதான். எது மூலம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மேலை நாட்டிலும் இந்தப் பிளவு இருந்தது. பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல் மேடையை விட்டு விலகி, அதன்பின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாழ்ந்தார். பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்டில் சுற்றுப்பயணத்தை நிறுத்தியபின், அன்றைய மேடையில் வாசித்துக் காட்டவே முடியாத ஆல்பத்தை அடுத்த ஆண்டு வெளியிட்டது. பதிவே மூலம் என்று அறிவித்தவர்கள் அவர்கள்.

கைப்பேசி வந்தபின் பதிவின் நிலைமையும் மாறிவிட்டது. இது இரண்டாவது உடைப்பு. பாட்டை விற்கும் அலகு ஆல்பத்திலிருந்து தனிப் பாட்டுக்கு இறங்கியது. 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை, ஒரு பாட்டு 99 சென்ட் என்று விலை வைத்தது. ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைச் சேவைகளில் முப்பது விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. முப்பத்தோராவது விநாடியில் தாவிவிட்டாலும் கணக்கு கணக்குதான். இந்த ஏற்பாட்டில் நிதானமான முன்னிசைக்கு என்ன மதிப்பு இருக்கும்? எழுபதுகளின், எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் வயலின்கள் மெல்ல மெல்லக் கதவைத் திறந்து பல்லவியை அழைத்து வரும் இடங்கள் எனக்கு உயிர். அந்தப் பொறுமைக்கு இன்றைய கணக்கில் கூலி இல்லை.

தமிழ்ச் சினிமாவில் திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 2011 நவம்பரைச் சொல்லலாம். ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு, படத்துக்கு வெகு முன்பே தனியாக இணையத்தில் வந்து உலகம் சுற்றியது. இன்று ஒவ்வொரு பெரிய படமும் முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள் என்று வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பாட்டுகளை விடுகிறது. முழுத் தொகுப்பு வரும்போது ரசிகர் பாதியைக் கேட்டு முடித்திருப்பார். கட்டு கட்டப்படுவதற்கு முன்பே அவிழ்ந்துவிடுகிறது. 2021இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டபின், ஆல்பத்தைத் திறந்ததும் கலைத்துப் போட்டு இசைக்கும் முறையை ஸ்பாட்டிஃபை முதன்மைப் பொத்தானிலிருந்து எடுத்தது. பாட்டுகளை அடுக்கியதற்குக் காரணம் உண்டு என்று ஒரு கலைஞர் வாதாட வேண்டிய நிலை வந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பதிவிலிருந்து வரும் பணம் பாட்டுக்குப் பைசாக் கணக்கில் சிதறியதும், கலைஞர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பிற்பயன்பாட்டில் வரும் பங்கை அவர்களே கைவிட நினைத்தாலும் விட முடியாதபடி காத்தது. நியாயமான சட்டம். ஆனாலும் அன்றாட வருமானத்துக்குக் கச்சேரிதான் வழி என்ற நிலை மாறவில்லை. விளைவாகக் கச்சேரிகள் பெருத்தன. டிக்கெட் விலையும் ஏறியது. கூட்டம் பெருத்தால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி காட்டியது. டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். பின்னர் பணம் திருப்பித் தரப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் அந்தச் சாலை வழியாகத்தான் பெரிய கச்சேரிகளுக்குப் போகிறோம். புதுச்சேரியிலிருந்தே ஒரு வழிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். டிக்கெட்டோடு பஸ் செலவு, சாப்பாடு, மறுநாள் விடுப்பு எல்லாம் சேர்த்துத்தான் எங்கள் ஊர் ரசிகர் ஒரு கச்சேரியின் விலையைக் கணக்கிடுகிறார்.

ஊருக்குள்ளேயும் கச்சேரிகள் உண்டு. பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை நாள் புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. கடற்கரையிலும் அவ்வப்போது மேடை போடுகிறார்கள். கடற்கரைக் கச்சேரி பார்க்க அழகு, காதுக்குச் சோதனை. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் 0.3 விநாடி பிந்தி வரும்; திரையில் பாடகரின் உதடு முந்திக்கொள்ளும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும், காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளையும். அதனால் ஊர்ப்பக்கம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும் பாட்டு, ஒலிபெருக்கிக்குக் கிழக்கே அலையோரம் நிற்பவரின் தலைக்கு மேலே போய்விடும். கடற்கரைக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அலையை விட்டு மேற்கே வந்து நில்லுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்; விழாக்காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்வு தரலாம். நோயாளிகளும் குழந்தைகளும் தூங்க வேண்டும், விதி தேவைதான். ஆனால் ஏழரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டிய கச்சேரியில் என்ன பாடுவார்கள்? கூட்டம் அறிந்த பாட்டுகளின் பல்லவிகளை மட்டும் கோத்து ‘மெட்லி’ என்று பாடுகிறார்கள். பல்லவி வரும், கூட்டம் கூவும், சரணத்துக்குள் நுழையாமலே அடுத்த பல்லவி. முப்பது விநாடிக் கணக்கு மேடைக்கும் ஏறிவிட்டது. ஆல்பம் போனாலும் கச்சேரி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லும் நண்பர்களிடம் நான் ஒத்துப்போக முடியாத இடம் இது. ஆயிரக்கணக்கில் கொடுத்து, அத்தனை தூரம் போய், கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் கேட்பது போன்ற ஒன்றைக் கேட்டுவிட்டு வருகிறோம்.

முழுதாக நிற்பவையும் இருக்கின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் கானாவும் ராப்பும் பறையும் முதலில் மேடையில் நின்று மக்களிடம் பேசின. ஆல்பம் அதற்குப் பிறகு வந்தது. அங்கே மேடை மூலம், பதிவு சாட்சி. நாதஸ்வரக்காரர்களின் வழி அது. 2025 மார்ச் 8இல் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தபோது, எங்கள் ஊர் ரசிகர்களும் அந்தச் செய்தியைப் பகிர்ந்து மகிழ்ந்தார்கள். பகுதிகளின் வரிசையை மாற்ற முடியாத, பல்லவியை மட்டும் கேட்க முடியாத இசை வடிவம் அது. திரைப்பாட்டுக் கச்சேரியிலும் இப்படிச் செய்ய முடியும். ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையும், யாரும் கேட்காத அந்த ஐந்தாவது பாட்டையும் சேர்த்து, முன்னிசை முதல் கடைசித் தாளம்வரை ஒரே மூச்சில் வாசிக்கும் மாலை ஒன்றை எங்கள் மெல்லிசைக் குழுக்கள் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் ஒரு துண்டின் தலைப்பு, என் வீட்டில் பாக்கை (ஜெர்மானிய இசைமேதை ஜே.எஸ்.பாக்) சந்தித்தேன் என்று பொருள்படும். அடுத்த துண்டின் தலைப்பு, பிறகு நாங்கள் பேசினோம் என்பது. ஒரு வாக்கியம் இரண்டு துண்டுகளில் போகிறது. கலைத்துப் போட்டுக் கேட்டால் பேச்சு முதலிலும் சந்திப்பு பிறகும் வரும், அல்லது சந்திப்பு மட்டும் நடந்து பேச்சே வராமல் போகும். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அந்த வீட்டுக்குள் நுழைவதையும் உரையாடுவதையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் அந்தத் தலைப்புகள் ஏன் அப்படி வைக்கப்பட்டன என்று காது புரிந்துகொள்கிறது.

புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து கடலூர் ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நேரத்தில் முக்கால் மணி நேரம் ஆகும், ஒரு எல்.பி. தட்டின் இரண்டு பக்கங்களின் நீளம். கச்சேரி கேட்டுத் திரும்பும் இரவுகளில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நான் இந்த ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து போடுகிறேன். அரியாங்குப்பம் தாண்டும்போது தொடக்கத் துண்டுகள் போய்க்கொண்டிருக்கும். கிருமாம்பாக்கத்தில் சிலர் இறங்குவார்கள். கேசட் காலத்துப் பழக்கத்தில், பக்கம் திருப்ப விரல் ஒரு முறை அசையும். முள்ளோடையைக் கடந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்து, ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலம் ஏறும்போது பாக் வீட்டுக்கு வந்திருப்பார். மஞ்சக்குப்பத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். கெடிலத்தைத் தாண்டி நிலையத்தில் பஸ் நின்றபின்னும் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கும். எல்லோரும் இறங்கட்டும் என்று அது முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். நடத்துனருக்கு என்னைப் பழகிவிட்டது.